டிராக்டர்காரர் போட்ட கோடு

தையல் மெஷின் மிதிக்கிறவளுக்குக் காலுக்கும் கைக்கும் வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே டிராக்டர்காரர் வீடு. பள்ளிக்கூட யூனிஃபார்முக்குக் காஜா எடுத்துக்கொண்டே, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தலையைத் தூக்காமல் சொல்லிவிடுவேன்.

டிராக்டர்காரரின் வீட்டம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதனால் அவர் எனக்கு மாமா. நல்ல மனுஷர், ஆனால் பூட்டுப் பைத்தியம். வீட்டுக்குப் பூட்டு, ஷெட்டுக்குப் பூட்டு, ஷெட்டுக்குள் நிற்கிற டிராக்டரின் ஸ்டியரிங்கில் சங்கிலி சுற்றி அதற்கும் ஒரு பூட்டு. கோழிக்கூண்டுக்கும் பூட்டு வாங்கி வந்த அன்று நான் கேட்டேவிட்டேன்.

"ஏன் மாமா, கோழி தாழ்ப்பாளத் திறந்துட்டுப் போயிடும்னா?"

"உனக்கென்னம்மா, பேசுவ. உன் மெஷின எவன் தூக்குவான்? அது போடற சத்தத்துக்கே திருடன் ஓடிடுவான்" என்றார்.

பின்னால் இருக்கும் நிலம் அவர் தம்பியுடையது. அப்பா காலமானதும் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ரோட்டைப் பார்த்த பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு, நடுவில் ஒரு வரப்பு. அதுவரைக்கும் சண்டை இல்லாமல்தான் நடந்தது. கடைசியில் டிராக்டரும் டிரெய்லரும் மிஞ்சின. இரண்டையும் ஒருவரே வைத்துக்கொண்டு மற்றவருக்கு வேறு ஏதாவது கொடுத்திருக்கலாம். அல்லது பொதுவில் வைத்திருக்கலாம். அதெல்லாம் புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலை. இவர்கள் டிராக்டர் அண்ணனுக்கு, டிரெய்லர் தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டு, அந்த வாக்குவாதத்திலேயே பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து அறுவடை வந்தால் அண்ணன் வாடகைக்கு டிரெய்லர் தேடி அலைவார், தம்பி வாடகைக்கு டிராக்டர் தேடி அலைவார். தெருவில் அவர் டிராக்டர்காரர், இவர் டிரெய்லர்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாமா தம்பியைத் தம்பி என்றுகூடச் சொல்லமாட்டார். "பக்கத்துக் காட்டுக்காரன்" என்பார். அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்.

அந்த வருஷம் மக்காச்சோளம் முற்றுகிற நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் திருட்டு அதிகமாகிவிட்டது. ஒருவர் தோட்டத்தில் மருந்தடிக்கிற மெஷின் போனது. இன்னொருவர் நிலத்தில் நின்ற அறுவடை மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிடும்போதுகூட நடுவில் எழுந்து போய் ஷெட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாராம். கடைசியில் டவுனிலிருந்து செல்போன் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கடைக்காரர் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை டிராக்டர் சீட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து மாட்டினார்.

"இதுக்குள்ள சிம் கார்டு இருக்கு சார். வண்டி எங்க நிக்குதுன்னு உங்க போன்லயே பாத்துக்கலாம்."

"அதெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது. திருடன் வந்தா கத்துமா?"

"அதுக்குத்தான் எல்லை போடணும். இந்தப் படத்துல உங்க நிலத்தைச் சுத்தி விரலால ஒரு கோடு போடுங்க. வண்டி கோட்டைத் தாண்டிச்சுன்னா உங்க போன்ல அலாரம் அடிக்கும். கோட்டுக்குள்ள இருந்தா சும்மா இருக்கும்."

மேலே வானத்திலிருந்து எடுத்த படம். பச்சையும் பழுப்புமாக ஏதோ துணி வெட்டு மாதிரி இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ரோட்டில் ஆரம்பித்து, வாய்க்கால் ஓரமாகவே இறங்கி, மரவரிசையில் திரும்பி, பம்ப் ரூம் வழியாக மேலே ஏறி, ரோட்டுக்கே கொண்டுவந்து முடித்தார். நடுவில் விரலை எடுக்கவே இல்லை.

"சரியா இருக்கா சார்? ஒரு தடவை பாத்துடுங்க."

"என்னய்யா பாக்கறது? பொறந்ததுலேருந்து நடக்கிற நிலம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன்."

அக்கா டீ கொண்டுவந்தாள். நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்தேன். அன்று மாமா முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கவேண்டுமே. இனிமேல் அலாரம் அடித்தால் திருட்டு, அடிக்காவிட்டால் பத்திரம் என்று தெருவில் எல்லோருக்கும் பாடம் நடத்தினார்.

பிறகு ஒரு நாள், அவருடைய பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பார்க்கப் போனார். சாவிக்கொத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்று சாயங்காலமே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருட்டுவதற்குள் நான் கடையைச் சாத்திவிட்டேன். பிறகு பெய்த மழை சாதாரண மழை இல்லை. காலையில் தெருவே கழுவிவிட்ட மாதிரி கிடந்தது.

முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். ஷெட்டைத் திறந்தவர் போட்ட சத்தத்தில் எனக்குத் துணி இழுபட்டு ஊசி முறிந்தது.

"அய்யோ! வண்டியக் காணோமே! என் வண்டியக் காணோமே!"

ஓடினேன். ஷெட் காலி. டிராக்டர் நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. மாமா செல்போன் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

"உன் டப்பா ஏன்யா கத்தல? வண்டியே போச்சு, அது வாயத் திறக்கலையே! பிடுங்கி எறிஞ்சிட்டானுங்களா? வா, ஸ்டேஷனுக்கு வா. அங்க வந்து பதில் சொல்லு."

ஸ்டியரிங்கில் போடுகிற சங்கிலி சுவர் ஓரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பூட்டு ஆணியில் தொங்கியது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. எந்தத் திருடன் பூட்டைத் திறந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவான்? திரும்பி அக்காவைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மாமா நாலு பக்கமும் தேடிவிட்டு வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அக்கா ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் வந்து, வெட்டிவைத்த துணி மேலேயே உட்கார்ந்தாள்.

"நான்தாண்டி குடுத்தேன்."

"தெரியுது. பூட்டு ஆணியில தொங்கினதப் பாத்தப்பவே தெரிஞ்சுது. யாருக்கு? சின்னவருக்கா?"

"நேத்து சாயங்காலம் வந்து வாசல்ல நின்னான். பாகம் பிரிச்சதுலேருந்து அவன் அந்த வாசல மிதிச்சதே இல்லடி. வாடகைக்குச் சொன்ன டிராக்டர் வரலையாம். பறிச்ச சோளம் மொத்தமும் வெட்டவெளியில குவிஞ்சு கிடக்குதாம். டிரெய்லர்ல ஏத்தி அவன் ஷெட்டுக்குள்ள தள்ளிட்டாப் போதும்னான். 'அண்ணி, மழை வந்தா மொளச்சுப் போயிடும் அண்ணி'ன்னு சொல்றப்ப அவன் முகத்தப் பாக்க முடியல."

"மாமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டா வேணாம்னுடுவார். அதுக்கப்புறம் குடுத்தா அவர் பேச்ச மீறினதா ஆயிடும். கேக்காம குடுத்தா, கேக்காம குடுத்ததா மட்டும்தான ஆகும்?"

"நல்லா சட்டம் பேசற அக்கா. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ."

"கிண்டல் பண்ணாத. வரப்பத் தாண்டினதும் அவர் போன்ல அலாரம் அடிக்கும்ல, பதறிட்டு எனக்குப் பேசுவார், அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். போன்லன்னா முகத்தப் பாக்க வேணாம். அடுப்பக்கூட பத்தவைக்காம போனக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அது அடிக்கவே இல்லடி."

"காலைலயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"எங்க விட்டார்? நான் வாயத் திறக்கறதுக்குள்ள, 'எடுத்தவன் கையில விலங்கு மாட்டாம விடமாட்டேன்'னுட்டார். அதுக்கப்புறம் எனக்கு நாக்கு எழல."

சின்னவருக்குப் போன் போட்டாளாம். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? அவர் காலையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். நிலத்தில் விளைவது ஒரு பக்கம் என்றால், அந்த வேன் சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. போலீஸ் கேஸ் என்று ஒன்று பெயரில் விழுந்துவிட்டால் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டியில் உட்கார விடுவார்களா? இதை நான் சொன்னதும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாத. நேராப் போயி சொல்லிடு. திட்டினாத் திட்டட்டும்."

"திட்டினாப் பரவால்லடி. அவர் திட்டமாட்டார். பேச்ச நிறுத்திடுவார். கூடப் பொறந்தவன்கிட்டயே நிறுத்தினவர், என்கிட்ட நிறுத்த எவ்வளவு நேரம்?"

அதற்குள் மாமா திரும்பிவிட்டார். எல்லா ரோட்டிலும் தேடியிருக்கிறார், ஆற்றுப்பாலம் வரைக்கும் போயிருக்கிறார். தன் வீட்டுக்குப் பின்னால் மட்டும் பார்க்கவில்லை. பழக்கம் அப்படி. "கிளம்பு, ஸ்டேஷனுக்கு" என்றார். அக்காவைத் தனியே விட மனசில்லாமல் நானும் கடையைச் சாத்தினேன். அவர் பைக்கில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது.

ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். வயதானவர், டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, பேனாவை எடுத்தார். அப்போது செல்போன் கடைக்காரர் நனைந்தபடி உள்ளே வந்தார். வரும்போதே அவர் முகத்தில் சிரிப்பு.

"சார், பதறாதீங்க. வண்டி பத்திரமா இருக்கு. உங்க நிலத்துலதான் நிக்குது."

"என் நிலத்துலயா? எனக்குத் தெரியாம என் நிலத்துல எங்கய்யா நிக்குது?"

அவர் போனை நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"இது அந்த ஆளு ஷெட்டு! திருட்டுப் பய! எனக்குத் தெரியும், எனக்கு அப்பவே தெரியும்!"

"எந்த ஆளு?" என்றார் ரைட்டர்.

"பக்கத்துக் காட்டுக்காரன்."

"கூடப் பொறந்த தம்பிங்க" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்காது என்றுதான் சொன்னேனே.

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க பெரியவரே. எழுதச் சொன்னா எழுதுவேன், அது என் வேலை. ஆனா எழுதிட்டா வண்டி இங்க வந்து நிக்கணும். அதுல மாட்டியிருக்கறது, ஏத்தியிருக்கறது எல்லாமே வரணும். கேஸ் முடியற வரைக்கும் அந்த மரத்தடியிலதான் நிக்கும். உங்க தம்பியக் கூட்டிட்டு வரணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எழுதுங்க."

"சரி. தம்பி பேரச் சொல்லுங்க."

மாமா வாயைத் திறந்தார். அத்தனை நாளாக அந்தப் பெயரை அவர் சொன்னதே இல்லை. அதனாலோ என்னவோ உடனே வரவில்லை. அந்த இடைவெளியில் அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"எழுதறதா இருந்தா என் பேர எழுதுங்கய்யா. சாவி குடுத்தது நான். பூட்டத் திறந்து விட்டதும் நான். அவன் கேட்டான், நான் குடுத்தேன். கேட்டு வாங்கிட்டுப் போனவன் எப்படித் திருடன் ஆவான்?"

அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் அவளை விட்டுவிட்டு செல்போன் கடைக்காரரிடம் பாய்ந்தார்.

"அப்ப அலாரம் ஏன் அடிக்கல? வரப்பத் தாண்டிப் போயிருக்கு! அடிச்சிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்ல? காலைலேருந்து பைத்தியக்காரன் மாதிரி ஊர் சுத்தியிருக்க மாட்டேன்ல?"

"சார், கோட்டைத் தாண்டினாத்தான அடிக்கும்? இதோ, நீங்க போட்ட கோடு. நான் ஒரு புள்ளியக்கூட மாத்தல."

போன் கை மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோடு ரோட்டில் ஆரம்பித்து, வாய்க்கால் ஓரமாகவே இறங்கி, மரவரிசையில் திரும்பி, பம்ப் ரூம் வழியாக ஏறிவந்தது. வரப்பு அதற்கு நட்ட நடுவில் கிடந்தது. அண்ணன் பாதி, தம்பி பாதி, தம்பி வீடு, தம்பி ஷெட் எல்லாமே கோட்டுக்குள்ளே இருந்தன.

ரைட்டர் போனைத் தூரமாகப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தார்.

"என்னங்க இது? இதுல பாகமே பிரியலையே? நீங்க போட்ட கோட்டுப்படி பாத்தா உங்க வண்டி உங்க எடத்துலதான் நிக்குது. திருட்டுன்னு நான் எப்படி எழுதுறது?"

மாமா படத்தைப் பார்த்தார். விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோபமாக இருக்கவேண்டிய முகத்தில் கோபம் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"கைப்பழக்கம்" என்றார் மெதுவாக. "கை அப்படியே போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் வாயால் பக்கத்துக் காட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன்!

"இப்பவே வரப்போட நிறுத்தி மாத்திப் போட்டுடலாம் சார். ரெண்டு நிமிஷ வேலை" என்றார் செல்போன் கடைக்காரர், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

"மழை வருது. மொதல்ல வண்டிய எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மாமா வெளியே இறங்கிவிட்டார். ரைட்டர் மிச்சப் பன்னை எடுத்துக்கொண்டு, போங்கள் என்று எங்களுக்குத் தலையசைத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா என் கையை விடவே இல்லை. "என்னைப் பாத்து ஒரு வார்த்தைகூடப் பேசலடி, பாத்தியா?" என்றாள். "ஸ்டேஷன்ல வெச்சு எழுதுங்கன்னார். இப்ப நேரா அவன்கிட்டத்தான் போறார். வண்டியப் பிடுங்கிட்டு வந்தா, அவன் இனிமே செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டான்."

நாங்கள் போய் இறங்கும்போது மாமா பைக்கை வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு, சேற்றில் வரப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். செருப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். வரப்பை அவர் தாண்டியபோது அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவர் அப்போதுதான் வேனை விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். டிரைவர் சட்டையோடு ஷெட்டுக்கு வெளியே தூறலில் நின்றார். உள்ளே டிராக்டர், அதற்குப் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் நிறையத் தார்ப்பாய் மூடிய சோளம். ஒரு கதிர்கூட நனையவில்லை. அண்ணன் வருவதைப் பார்த்ததும் அவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். நேராகப் பேசிப் பழக்கம் போய்விட்டதல்லவா.

"டெய்லரக்கா, அண்ணியத் திட்ட வேணாம்னு சொல்லுங்க. நான்தான் கேட்டேன். மழையில பாதை சேறாயிடுச்சு. ராத்திரியில வண்டி மாட்டிக்கும்னு ஷெட்லயே விட்டுட்டேன். வேனுக்கு நேரமாயிடுச்சு. இப்ப கொண்டுவந்து விடலாம்னுதான் வந்தேன்னு சொல்லுங்க."

அடுத்த அடியில் நிற்கிறவருக்கு நான் என்ன சொல்லுவது? மாமா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. டிராக்டரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். டீசல் மூடியைத் திருகிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் குனிந்தார். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்க்கிற இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு இரும்பு பின் போடவேண்டும். அங்கே ஒரு துருப்பிடித்த கம்பித் துண்டு செருகியிருந்தது. பாரம் தாங்காமல் அது ஏற்கெனவே வளைந்திருந்தது.

மாமா நிமிர்ந்தார். காலையில் வண்டி காணோம் என்று போட்ட சத்தமெல்லாம் ஒரு சத்தமே இல்லை.

"டேய்! அறிவிருக்காடா உனக்கு? இதுலயா இத்தனை லோடு இழுத்த? இந்தக் கம்பியிலயா? மேட்டுல ஏறும்போது இது முறிஞ்சிருந்தா டிரெய்லர் எங்கடா போயிருக்கும்? நீ பின்னாடி நின்னிருந்தா என்னடா ஆயிருப்ப? வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இல்ல உனக்கு?"

சின்னவர் நடுங்கிப்போனார். பதில் சொன்னது என்னிடம் இல்லை.

"பின்னு கிடைக்கலண்ணா."

"கிடைக்கலைன்னா? எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?"

கேட்டுவிட்டு மாமாவே நின்றுவிட்டார். சின்னவர் தலையைத் தூக்கி அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாண்ணா?"

மாமாவால் பொய் சொல்ல முடியாது. அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "நானே வந்து மாட்டிவிட்டிருப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. சின்னவர் ஈரச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா வாய்விட்டே அழுதாள். நானும்தான்.